முதல் கேள்வியைக் கேட்கப் பழகுதல்

மன உளைச்சலில் இருக்கும் மாணவர்களை அடையாளம் காண்பது குறித்த பயிற்சியின் இரண்டாம் நாளில், எங்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவரை மாணவராகவும் மற்றவரை ஆசிரியராகவும் நடிக்கச் சொன்னார்கள். என் எதிரே இருந்த சக ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எதுவுமே பிடிக்கலை டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நான் உடனே, "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா, நீ நல்லாப் படிக்கிற பொண்ணுதானே" என்றேன். அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. நான் அப்படிச் சொன்னவுடன் மேற்கொண்டு பேசவே தோன்றவில்லை என்று பிறகு சொன்னார். பல ஆண்டுகளாக ஆறுதல் என்று நம்பி நான் பிள்ளைகளிடம் சொல்லி வந்த வாக்கியம் அது.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியானால் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருக்கக்கூடும். அழுகிற பிள்ளையை யாரும் கவனித்துவிடுவார்கள். எரிந்து விழுகிற பிள்ளையை ஒழுங்கீனம் என்று வெளியே நிறுத்திவிடுகிறோம். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாக அல்லாமல் கோபமாகவும் வெளிப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இயல்பிலேயே அதிகம் பேசாத பிள்ளை வேறு, கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்வது வேறு. ஆகவே குணத்தை அல்ல, மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்: பாதியில் நின்றுபோகும் வீட்டுப்பாடம், காலை தோறும் வரும் வயிற்றுவலி, ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது.

இந்த அறிகுறிகளை ஒரு மணி நேர உரையில் சொல்லிவிடலாம். ஆனால் தனியாக அழைத்து, "ரெண்டு வாரமா நீ யாரோடும் சேராம உட்கார்ந்திருக்கறதைப் பார்க்கிறேன், என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அறிவுரை சொல்லாமல் காத்திருப்பதை நடித்துப் பார்க்காமல் பழக முடியாது என்பதே என் கருத்து. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதையும் அங்கேதான் தெளிவாகக் கற்றேன். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க எனக்கு மூன்று முறை ஒத்திகை தேவைப்பட்டது.

நோயைக் கண்டறிவது எங்கள் வேலை அல்ல. உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே எங்கள் வேலை. சேர்க்க ஓர் ஆலோசகர் இல்லாத பள்ளியில் பயிற்சி மட்டும் கொடுத்தால், அந்தச் சுமை முழுவதும் ஆசிரியர் தலையில்தான் விழும்.

பயிற்சி முடிந்த சில வாரங்களில், "என்ன ஆச்சு?" என்ற அந்த முதல் கேள்வியை ஒரு மாணவனிடம் கேட்டேன். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தான், நானும் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்குப் போகவே பிடிக்கலை டீச்சர்" என்றான். ஆலோசகரின் அறைக்கு அவனோடு சேர்ந்தே நடந்தேன். அவர் வரும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.