ஈரம் காயும் வரை

2024 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு ஓர் இழுவைக் கேரவன் வந்து சேர்ந்தது. சென்னையில் படப்பிடிப்புக்கு ஓடும் கேரவன்களில் பெரும்பாலானவை வேன் அல்லது பேருந்தின் சேஸி எனப்படும் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டவை. எஞ்சின் இல்லாமல், வேறொரு வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லப்படும் வகை எங்களிடம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். இருபது அடி நீளமுள்ள அந்த வண்டியில் முன்பக்கம் ஒரு கட்டில், நடுவில் ஒப்பனை மேசை, பின்கோடியில் கழிவறை இருந்தன. உரிமையாளர் கட்டிலின் கால்மாட்டைக் காட்டி, அங்கே தரை லேசாக அமுங்குகிறது என்றார். நான் வினைல் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, பலகையின் மீது திருப்புளியின் நுனியை வைத்து அழுத்தினேன். அது 19 மில்லிமீட்டர் பலகையைத் தாண்டி, அடியில் இருந்த தெர்மாகோலில் போய் நின்றது. கைக்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

"புயல் தண்ணிதாண்ணே. மிக்ஜாம் வந்தப்ப வேளச்சேரில மூணு நாள் நின்னுச்சு. மேல ஒரு ஷீட் போட்டு மூடிக் குடுத்துடுங்க, பொங்கல் கழிச்சு ஷூட்டிங் இருக்கு," என்றார் அவர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் என்ன செய்தது என்பதைச் சென்னையில் இருந்த எவரும் மறக்க மாட்டார்கள். அதனால் அவர் சொன்னதை நம்புவது எளிது. ஆனால் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தபோது, வெள்ளம் விட்டுச்சென்ற சேற்றுக் கோடு சக்கரத்தின் பாதி உயரத்திலேயே நின்றிருந்தது. தரை அதற்கு ஒரு சாணுக்கும் மேலே இருந்தது. உள்ளே மூலையில் இருந்த திருகாணிகளைக் கழற்ற முயன்றபோது அவற்றின் தலைகள் பொடியாக உதிர்ந்தன. ஒரு மாதத்தில் பிடிக்கும் துரு அப்படி இருக்காது. பிளைவுட்டின் அடுக்குகள் கறுத்து, கையால் பிய்த்தால் நனைந்த அப்பளம்போல் பிரிந்து வந்தன. அந்தத் தரை குறைந்தது இரண்டு மழைக்காலங்களாக நனைந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

இத்தகைய வேலையில் நான் முதலில் தேடுவது தண்ணீர் நுழைந்த இடத்தையே. பலகை மக்கிய இடம் தண்ணீர் கடைசியாக வந்து தங்கிய இடம் மட்டும்தான். இழுவை வண்டியில் இந்த இரண்டுக்கும் இடையே பத்து அடித் தொலைவுகூட இருக்கக்கூடும். வேலையில்லாத நாட்களில் கொக்கியுள்ள முன்பக்கம் சற்றுத் தாழ்ந்தே நிறுத்தப்படுவதால், எங்கே கசிந்தாலும் நீர் சுவரின் உட்புறமாகவும் விரிப்பின் அடியிலும் ஊர்ந்து முன்மூலைக்கே போய்ச் சேரும்.

கழிவறையின் தொட்டியில் சொட்டு நீலத்தைக் கலந்து, வண்டியை ஒரு மணி நேரம் அப்படியே விட்டோம். பின்பக்கத்தில் எல்போ எனப்படும் வளைவு இணைப்பு ஒன்றிலிருந்து நீலத் துளிகள் வெளிப்புறமாகத் தரையில் சொட்டின. உள்ளே எதுவும் வரவில்லை. அடுத்து ஏ.சி.யின் நீர்த்தட்டில் ஒரு குவளை நீல நீரை ஊற்றினோம். அது வடிகுழாய் வழியாக வண்டிக்கு வெளியே விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. கால் மணி நேரத்தில் கட்டிலுக்கு அருகே சுவரடிப் பட்டையின் கீழே ஒரு நீலக் கோடு படர்ந்தது. வடிகுழாய் தூசியாலும் பாசியாலும் அடைத்துக்கொண்டதால், தட்டில் நிரம்பிய நீர் சுவருக்குள் வழிந்து, பலகையின் வெட்டுமுனையில் இறங்கியிருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும். காலை முதல் இரவு வரை நிற்காமல் ஏ.சி. ஓடும் ஒரு படப்பிடிப்பு நாளில் அந்தச் சுவருக்குள் எத்தனை குடம் இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோது, அந்தப் பலகை இத்தனை நாள் தாங்கியதே எனக்கு வியப்பாக இருந்தது.

உரிமையாளர் நீலக் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகும் தேதியைத்தான் கேட்டார். மேலே ஒரு ஷீட் போட்டு மூட முடியாது என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு பட்டறையில், இதே போன்று அமுங்கிய தரையின் மீது 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒட்டி, அதன்மேல் புது வினைல் விரித்து, ஒரே நாளில் வண்டியை அனுப்பினோம். மேஸ்திரி சொன்னார், நான் செய்தேன். ஆனாலும் அடியில் இருந்த நிலையைக் கண்ணால் பார்த்தவன் நான்தான். மூன்று மாதம் கழித்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு படப்பிடிப்பில், ஒப்பனை உதவியாளராக இருந்த ஒரு பெண்ணின் கால் முழங்கால் வரை தரைக்குள் இறங்கிவிட்டது. முறிந்த பலகையின் விளிம்பு அவருடைய கெண்டைக்காலைக் கிழித்தது. நடிகர்கள் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். அந்தத் தரையில் நாள் முழுவதும் நிற்பவர்கள் ஒப்பனை உதவியாளர்களும் உடை உதவியாளர்களும்தான் என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தரையையும் மூடுவதற்கு முன் அவருடைய நினைவு வருகிறது.

இதைக் கேட்டபின் உரிமையாளர், "சரிண்ணே, எத்தனை நாளாகும்?" என்று மட்டும் கேட்டார். காய்வதற்கு எவ்வளவு நாள் தேவையோ அவ்வளவு நாள் என்றேன். அவர் படப்பிடிப்புக்கு வேறொரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அந்தச் செலவை அவர் ஏற்றுக்கொண்டதை நான் மதிக்கிறேன்.

கட்டிலையும் அலமாரியையும் கழற்றி வெளியே எடுத்தபின், வினைல் விரிப்பை முழுவதும் உரித்தோம். வினைல் மேலிருந்து விழும் நீரைத் தடுப்பதுபோலவே, அடியில் புகுந்த நீர் ஆவியாகி வெளியேறுவதையும் தடுத்துவிடுகிறது. அதனால்தான் மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்க, அடியில் பலகை மக்குகிறது. வட்ட ரம்பத்தின் ஆழத்தைச் சரியாகப் பலகையின் கனத்துக்கு வைத்து, மக்கிய பகுதியைச் சுற்றிலும் ஓர் அடி நல்ல பலகையையும் சேர்த்து வெட்டினோம். ஆழம் சற்று மிகுந்தாலும் அடியில் ஓடும் மின்கம்பிகள் அறுபடும். வெட்டுக்கோடு இரும்புக் குறுக்குச் சட்டத்தின் நடுமையத்தில் விழ வேண்டும் என்பதில் எங்கள் ஆசாரி கண்டிப்பாக இருந்தார். அப்போதுதான் பழைய பலகையின் முனையும் புதிய பலகையின் முனையும் ஒரே சட்டத்தில் ஆளுக்குப் பாதியாக உட்காரும். ஓரிடத்தில் மட்டும் அது வாய்க்காததால், ஆங்கிள் எனப்படும் எல் வடிவ இரும்புத் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தோம்.

பிறகு ஒன்பது நாட்கள் காத்திருந்தோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலையே நடக்காத காலமாகத் தெரியும். பட்டறையில் இருந்த இளைஞர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. வெட்டாமல் விட்ட பலகையில் ஊசிமுனை ஈரமானியைக் குத்திப் பார்த்தால் முதல் நாள் ஈரம் 30 சதவீதத்தைத் தாண்டியது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை வளர்வதற்கு ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்குக் கீழே மரம் பாதுகாப்பாக இருக்கும். ஆகவே 20க்கு மேல் இருக்கும்போது மூடினால், பூஞ்சையை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். பகலில் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து மின்விசிறிகளை ஓட விட்டோம். இரவில் சென்னைக் காற்றே ஈரத்தைச் சுமந்து வருவதால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏ.சி.யை ஓட்டினோம், வடிகுழாயின் அடைப்பை நீக்கிய பிறகு. ஹீட்டர் வைத்துச் சீக்கிரம் காயவைக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். அப்படிச் சூடேற்றினால் பலகையின் மேல் அடுக்கு முதலில் காய்ந்து சுருங்க, அடி அடுக்கு ஈரமாகவே இருந்து, பலகை வளைந்துகொள்ளும். எண் 24 ஆனது, 19 ஆனது, பிறகு மூன்று நாட்கள் 16லேயே நின்று, ஒன்பதாம் நாள் 14க்கு வந்தது. கடலோர நகரமான இங்கே மரம் அதற்கு வெகுவாகக் கீழே இறங்குவது அரிது.

அந்த நாட்களில் இரும்பைக் கவனித்தோம். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கை அடித்தோம். நல்ல பலகையின் வெட்டுமுனைகளில் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரைப் பூசிக் காயவிட்டோம். மிச்சம் இருக்கக்கூடிய பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது தடை.

புதிய பலகைக்குக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது சாதாரண வணிகத் தர பிளைவுட். அதை வேண்டாம் என்று சொல்லி, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தரத்தில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஒட்டுவதற்குப் பயன்படும் ஃபீனால் பிசின் நீரில் விட்டுக்கொடுப்பதில்லை. எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ இருக்கும், இருவர் பிடித்தால்தான் வாசலில் நுழைக்க முடியும். ஆனால் மரைன் பிளைவுட் என்றாலும் வெட்டுமுனை நீரை உறிஞ்சும். நான்கு விளிம்புகளிலும், திருகாணிக்காகத் துளைத்த ஒவ்வொரு துளையிலும் எபாக்சி பூசியபின்தான் பலகையைப் படுக்கவைத்தோம். மேலடுக்கின் இழை குறுக்குச் சட்டங்களைக் கடந்து செல்லும்படி திருப்பி வைத்தோம், ஏனெனில் இழை ஓடும் திசையில்தான் பலகை வளையாமல் எடையைத் தாங்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைப் பாலியூரித்தேன் சீலன்ட்டால் நிரப்பினோம். ஓடும் வண்டி முறுக்கிக்கொள்ளும், அந்த அசைவுக்கு இழுபடக்கூடிய பொருள்தான் அங்கே நிலைக்கும். கடற்கரையோரம் ஓடும் வண்டி என்பதால் திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பல நாள் தவறாகவே செய்துவந்திருக்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் கேரவன் பழுதுபார்ப்பவர்கள் காட்டும் முறையைப் பின்பற்றி, ஈரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைப் பலகையின் மேற்பக்கம், அறைக்கு உட்புறமாகவே விரித்துவந்தேன். அங்கே வெளியே குளிர், உள்ளே வெப்பம். ஆகவே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. சென்னையில் இது தலைகீழ். வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்துக்கட்டும். உள்ளே 20 டிகிரியில் ஏ.சி. ஓடும்போது, அந்தக் குளிர்ச்சி தரை வழியே கீழே இறங்கும். வெளியிலிருந்து மேலேறி வரும் ஈரக்காற்று பலகையின் அடியில் வியர்க்கும். நாம் மேலே விரித்த தாள் அந்த வியர்வையைப் பலகைக்குள்ளேயே நிறுத்திவைக்கும். ஆகவே இம்முறை தடுப்பை அடிப்பக்கத்தில், சாலையைப் பார்த்த பகுதியில் வைத்தோம். பழைய தெர்மாகோலுக்குப் பதிலாக, நீரை உறிஞ்சாத மூடிய நுண்ணறை ஃபோம் பலகையை இடைவெளியின்றிப் பொருத்தினோம். இதை முன்பே செய்திருந்தால் எத்தனை வண்டிகளின் தரைகள் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கழிவறைக் குழாயில் வீட்டுக்குப் போடும் விறைப்பான பிளாஸ்டிக் குழாயைப் பசை ஒட்டி இணைத்திருந்தார்கள். சாலையின் அதிர்வில் அந்த எல்போ விரிந்தது இயல்பே. அங்கெல்லாம் வளையக்கூடிய ஹோஸும் கிளிப்பும் போட்டோம். ஏ.சி. வடிகுழாயைச் சுவருக்குள் ஒளிக்காமல், கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கொண்டுவந்தோம். அழகு சற்றுக் குறைந்ததாக உரிமையாளர் கருதினார், ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

புதிய வினைல் விரிப்பதற்கு முன், முன்மூலையில் கட்டிலுக்கு அடியில், உள்ளங்கை அளவுக்குத் தரையில் ஒரு மூடியை வைத்தோம். அதைத் திறந்து ஈரமானியின் ஊசியைப் பலகையில் வைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பது நான் அவரிடம் கேட்ட ஒரே உறுதி. அவரும் தவறாமல் கொண்டுவருகிறார். தேதியையும் எண்ணையும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறோம். 14, 13, 13 என்று வந்த வரிசையில், சென்ற ஐப்பசியில் முதல்முறையாக 17 வந்தது. இன்னும் ஆபத்தில்லைதான், ஆனாலும் அன்றே வடிகுழாயைக் கழற்றிப் பார்த்தோம். வாய்ப்பகுதியில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டை எடுத்துவிட்டு, வாயில் மெல்லிய கம்பி வலையைக் கட்டினோம். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்து மறுபடி பார்த்தபோது எண் 14க்கு இறங்கியிருந்தது. அதையும் கதவில் எழுதினேன்.