லத்தியோடு நான்கு வருடம்

குதிரை அறிவியலும் மேலாண்மையும் படிக்க அயர்லாந்து போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்டது, "ஜாக்கி ஆகப் போறியா?" என்றுதான். பெரியப்பா மட்டும் கொஞ்சம் யோசித்து, "அங்கேயும் கொள்ளுதான் வைப்பாங்களா?" என்றார். கொள்ளு கிடையாது, ஓட்ஸ், அதைவிட முக்கியமாகப் புல். ஆனால் கேள்வி என்னவோ சரியான கேள்வி. குதிரைக்குள் என்ன போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதில்தான் என் படிப்பில் பாதி ஓடியது. வெளியே வருவதற்குத் தமிழில் லத்தி என்று பெயர். போலீஸ்காரர் கையில் இருப்பது வேறு.

முதல் வருடம் உடற்கூறு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. 500 கிலோ உடம்புக்கு இரைப்பை 15 லிட்டர்கூடத் தாண்டாது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. வாளி நிறையத் தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்கி அங்கே புளிக்கும். வயிற்றுவலி வரும், சில நாளில் குளம்பின் உட்பகுதியும் வீங்கி நடக்க முடியாமல் போகும். வயிற்றில் புளித்தது காலில் தெரியும் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

செய்முறை வகுப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வலது விலாவுக்குப் பின்னால், மேல்பக்கம் வைக்கச் சொன்னார்கள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் அடைத்துக்கொண்ட தொட்டியில் தண்ணீர் மடமடவென்று இறங்குகிற மாதிரி ஒரு நீண்ட சத்தம். அது கேட்டால் நிம்மதி. எதுவுமே கேட்காமல் அமைதியாக இருந்தால் கால்நடை மருத்துவருக்குப் போன் போட வேண்டும்.

அந்த வருடச் செய்முறைத் தேர்வில் எனக்கு மதிப்பெண் போனது ஒரு முடிச்சில். குதிரையை நேராகச் சுவர் வளையத்தில் கட்டிவிட்டேன். வளையத்தில் வைக்கோல் கட்டுக்குப் போடுகிற சணலை மாட்டி, அதில்தான் கட்ட வேண்டும். குதிரை மிரண்டு இழுத்தால் சணல் அறுபடும், கழுத்து தப்பும்.

மேலாண்மைப் பாடம் லேசு என்று நினைத்தேன். அடுத்தவர் குதிரைகளை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கும் லாயம் ஒன்றுக்குத் திட்டம் எழுதச் சொன்னார்கள். 20 குதிரைக்கு லாயம், 20-க்கு 40 மீட்டரில் சவாரித் திடல், காப்பீடு, ஆள் சம்பளம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் என்று அழகாக அட்டவணை போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "லத்தியை எங்கே கொட்டுவாய்?" என்றார். ஒரு குதிரை நாளைக்கு 20 கிலோ போடும். இருபதுக்கு 400 கிலோ, படுக்கை வைக்கோல் தனி. என் அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடைசி வருட ஆய்வுக்கும் லத்திதான் வாய்த்தது. குடற்புழு முட்டைகளை எண்ணும் வேலை. லத்தியை உப்புக் கரைசலில் கரைத்தால் முட்டைகள் மேலே மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். எல்லாக் குதிரைக்கும் மாதக் கணக்கு வைத்து மருந்து கொடுத்த பழக்கத்தால் புழுக்கள் மருந்துக்கு மசியாமல் ஆகிவிட்டன. அதனால் இப்போது முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு கிராமில் 200 முட்டைக்கு மேல் போனால்தான் மருந்து என்பது வழக்கமான கணக்கு. முட்டை பொரிந்துவிடாமல் இருக்க மாதிரிகளைக் குளிரில் வைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வகம் பூட்டியிருந்தது. வீட்டு ஃபிரிட்ஜில், என் இட்லி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில், மூன்று பை போட்டுக் கட்டி வைத்தேன். கூடத் தங்கியிருந்தவர்கள் அதற்கப்புறம் என் இட்லியைத் தொடவில்லை.

அதற்கு முந்தைய வருடம் கில்டேர் பக்கம் ஒரு பண்ணையில் பயிற்சி. பக்கத்தில்தான் டல்லி, இப்போது அயர்லாந்தின் தேசிய குதிரைப் பண்ணை இருக்கும் இடம். 1900-இல் அதைத் தொடங்கிய ஹால் வாக்கர் ஒவ்வொரு குட்டிக்கும் ஜாதகம் கணித்தவர். நட்சத்திர ஒளி உள்ளே விழட்டும் என்று லாயத்துக் கூரையில் திறப்பு வைத்துக் கட்டினார். அவர் வளர்த்த மினோரு என்ற குதிரை, பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் பெயரில் ஓடி 1909-இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்றது. அங்கே நின்றபோது எனக்கு நம்ம ஊர் நினைவு வராமல் இருக்குமா?

இன்றைக்கும் பிறந்த நாள்தான் அங்கே பெரிய விஷயம். பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1-இல் ஒரு வயது கூடும். டிசம்பர் 31-இல் பிறந்தால் மறுநாளே ஒரு வயது, பந்தயத்தில் பெரிய குட்டிகளோடு மோத வேண்டும். சினைக்காலம் சுமார் 11 மாதம். வருடத் தொடக்கத்தில் குட்டி வேண்டுமென்றால் பிப்ரவரி வாக்கிலேயே சினை பிடிக்க வேண்டும், ஆனால் பகல் நீளும் வசந்தத்தில்தான் குதிரை பருவத்துக்கு வரும். அதனால் சினையில்லாத குதிரைகளுக்கு டிசம்பர் தொடக்கத்திலிருந்தே தினமும் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி விளக்குப் போட்டு, வசந்தம் வந்துவிட்டதாக ஏமாற்றுவார்கள்.

பிப்ரவரியில் எனக்கு இரவுக் காவல். காம்பில் மெழுகுத்துளி திரண்டு, குட்டி போடும் நேரம் நெருங்கிய ஒரு குதிரை. நள்ளிரவிலிருந்து மூன்றரை மணி வரை இமைக்காமல் பார்த்திருந்தேன். அது வைக்கோலைத் தின்றுகொண்டு என்னையே பார்த்திருந்தது. டீ போடப் போனேன், கால் மணி நேரம்தான் இருக்கும். திரும்பி வந்தால் வைக்கோலில் ஈரமாக, ஆவி பறக்க, காதை ஆட்டியபடி குட்டி கிடக்கிறது. பண்ணையின் மூத்த அம்மா வந்து பார்த்துச் சிரித்தார். ஆள் நகரும் வரை காத்திருப்பதுதான் அவற்றின் புத்தியாம்.

ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும், இரண்டுக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இது அவர்களுக்கு வாய்ப்பாடு. குட்டி நான்கு முறை விழுந்து, ஐம்பதாவது நிமிடம் நின்றது. சீம்பால் குடிக்காவிட்டால் அதற்கு எதிர்ப்பு சக்தியே இருக்காது. கருப்பையில் அது கிடைப்பதில்லை. நஞ்சுக்கொடியைத் தரையில் விரித்து, கிழிந்து ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா என்று ஓரம் ஓரமாகத் தடவிப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஆறிப்போன டீயை விடியற்காலையில்தான் குடித்தேன்.

பட்டம் வாங்கி இப்போது வேறொரு பண்ணையில் இரவு வேலை பார்க்கிறேன். குதிரை ஏறுவது இன்னும் சுமார்தான். டீயை ஃபிளாஸ்கில் எடுத்துப் போகிறேன்.