ரேடியோவில் பேஸ்பால் பழகிய கதை

அமெரிக்காவில் மில்வாக்கிக்கு வேலைக்கு வந்த புதிதில் டிவியில் பேஸ்பால் பார்த்தால் தூக்கம்தான் வரும். டிவியை அணைத்துவிட்டு ரேடியோவில் 620 ஏஎம்மில் உள்ளூர் அணியான ப்ரூவர்ஸின் வர்ணனையாளர் பாப் யூக்கரைக் கேள், கையில் ஸ்கோர்கார்டை வைத்துக்கொள் என்று அலுவலகத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது.

ஸ்கோர்கார்டில் ஃபீல்டரின் பெயருக்குப் பதில் அவர் நிற்கும் இடத்தின் எண்ணை எழுதுவார்கள். பந்தை எறியும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் 2, ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3. அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். மூன்றாவது ஸ்ட்ரைக்கில் பேட்டை வீசி ஏமாந்தால் ‘K’. வீசாமல் நின்றே அவுட்டானால் அதே எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போட வேண்டும். முதலில் பென்சில் பின்தங்கியது. யூக்கர் நிதானமாகச் சொல்பவர், அதனால் தப்பித்தேன்.

அவரும் ஒரு கேட்சர்தான், பெரும்பாலும் மாற்று கேட்சர். 1962 முதல் 1967 வரை பிரேவ்ஸ், கார்டினல்ஸ், ஃபில்லீஸ் என்று அணிகளைச் சுற்றி மறுபடி பிரேவ்ஸ். 297 ஆட்டம், 14 ஹோம் ரன், பேட்டிங் சராசரி சரியாக .200, அதாவது ஐந்துக்கு ஒன்று. அந்த 14இல் ஒன்று பெரிய பிட்சர் சாண்டி கோஃபாக்ஸின் பந்தில் அடித்தது! கடைசி வருடம் பிரேவ்ஸ் பிட்சர் ஃபில் நீக்ரோவின் நக்கில்பாலை, அதாவது சுழலாமல் தள்ளாடி வரும் பந்தை, பிடிக்கப் போராடி, லீகிலேயே அதிகமாக 27 பந்துகளை நழுவவிட்டார். அந்தப் பந்தைப் பிடிக்க வழி, அது உருண்டு ஓய்ந்ததும் எடுத்துக்கொள்வதுதான் என்பார். ப்ரூவர்ஸ் முதலாளி பட் செலிக் அவரை முதலில் ஆள் தேடும் ஸ்கவுட்டாகத்தான் அனுப்பினார். வந்த அறிக்கையில் கிரேவி கறை இருந்ததாம். 1971இல் மைக் முன் உட்கார வைத்துவிட்டார்கள். 2003இல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃபிரிக் விருது.

ப்ரூவர்ஸ் எட்டு ரன் பின்தங்கிக் கிடக்கும் நாளில்தான் அவர் பேச்சு களைகட்டும். 2023இல் பிட்ச் கிளாக் வந்து, பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்றானது. ஆட்டம் வேகமானது, கதைக்கு இடம் குறைந்தது. எனக்கு அதில் வருத்தம்தான். 2025 ஜனவரியில், 90 வயதில் அவர் காலமானார்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஒவ்வொரு பந்தையும் குறிக்க வேண்டாம். யார், எப்படி அவுட் என்று மட்டும் எழுதுங்கள். ‘பால்’ (குறி தப்பி வரும் பந்து), ஸ்ட்ரைக் கணக்கு கேட்கக் கேட்கத் தானாக வந்துவிடும்.