பொலிஷ் பண்ண வந்த ஸ்பீட்மாஸ்டர்

அந்தப் பழைய மணிக்கூட்டைப் பொலிஷ் பண்ண வேண்டாம் என்று நான் சொன்னது சரிதான், அதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குக் காரணமாக விலையை ஏன் முன்னால் தூக்கி வைத்தேன் என்பதுதான் இன்னும் மனதைக் குடைகிறது.

அந்த அண்ணை கொண்டுவந்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 105.012. அவர் குசினியில் வேலை செய்த ரெஸ்டோரண்டின் பழைய சுவிஸ் முதலாளி, சாகிறதுக்கு முன்னம் தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது. "தம்பி, இதைப் புதுசு மாதிரி மினுக்கித் தாரும். மகளுக்குக் கலியாணம், மருமகனுக்குக் கட்டிவிட வேணும்" என்றார்.

நான் கண்ணில் லூப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பட்டி மாட்டும் நான்கு கால்களிலும் மேலே ஓடுகிற பளபளப்பான பட்டை, பக்கத்து மங்கலான பரப்பைச் சந்திக்கும் விளிம்பு, கை வைத்தால் வெட்டும் போல அப்படியே இருந்தது. அறுபதுகளில் செய்த மணிக்கூடு. மினுக்கும் சில்லில் ஒருதரம் பிடித்தால் அந்த விளிம்பு உருண்டு போய்விடும், இரும்பைத் திரும்ப ஒட்ட ஏலாது. டயலில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய டிரிட்டியம் பூச்சு வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருந்தது, டயலைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தில் 90 என்ற எண்ணுக்கு மேலே புள்ளி (1970 அளவில் அந்தப் புள்ளி 90க்குப் பக்கத்துக்குப் போய்விட்டது, சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்). நிலாவில் நடந்த ஆல்ட்ரின் கட்டியிருந்ததும் ஒரு 105.012தான், பிறகு அது காணாமலே போய்விட்டது. இதையெல்லாம் அந்த மனிதருக்குச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "பொலிஷ் பண்ணினா விலை போயிடும் அண்ணை."

"விலையா? எவ்வளவு வரும்?"

வாடிக்கையாளருக்கு விலை சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலைத்தளத்தில் விதி. சொன்னேன். பத்தாயிரம் பிராங் பக்கம் போகலாம் என்றேன். அவர் மணிக்கூட்டைத் திரும்ப வாங்கி, கைலேஞ்சியில் சுற்றி, ஜக்கெட்டின் உள்பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போனார்.

வேறென்ன செய்திருக்க வேண்டும்? விளிம்பு, டிரிட்டியம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பார், அங்கே பத்து நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்திருப்பார்கள். அப்படித் தேய்த்துக் கெடுத்தவை எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. காசு என்றால்தான் ஆட்கள் கையை நிறுத்துவார்கள். இதை நான் இப்போதும் நம்புகிறேன்.

சில மாதம் கழித்து ஒரு சேகரிப்பாளர் சேர்விசுக்கு ஒன்று கொண்டுவந்தார். ஏழு மணிப் பக்கத்துக் காலில் இருந்த சின்ன வெட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதேதான். முள்ளை மாற்றாதே, டயலைத் தொடாதே, கேஸைத் தேய்க்காதே என்று மூன்று தரம் சொன்னார். அவருடைய பயம் நியாயம்தான். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் முப்பது லட்சம் பிராங்குக்கு மேல் போன 2915-1 மாடல் ஸ்பீட்மாஸ்டர், வேறு வேறு மணிக்கூடுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023இல் வெளியே வந்த பிறகு, ஒரு திருகாணியைக் கூடச் சந்தேகிக்கிறார்கள். பின்மூடியைத் திறந்தேன். செம்பு நிறத்தில் கலிபர் 321 இயந்திரம், ஸ்டொப்வாச்சை ஓட்டி நிறுத்தும் கொலம் வீல் துப்புரவாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் நடுமுள் துள்ளாமல் கிளம்பியது. இப்படியொரு மணிக்கூட்டுக்கு இவரைவிட நல்ல சொந்தக்காரர் கிடைக்க மாட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணையைப் பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் கண்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மாலதான் தம்பி, மண்டபக் காசு சரிவந்தது." மருமகனுக்கு என்று இழுத்தேன். "அவருக்குப் புதுசு ஒண்டு வாங்கிக் குடுத்தன். அவருக்கும் அதுதான் விருப்பம்."

அப்போ யாருக்கு நட்டம்? அவருக்கு இல்லை, மருமகனுக்கு இல்லை, சேகரிப்பாளருக்கு இல்லவே இல்லை. ஆனாலும் ஒரு முதலாளி தன் சமையல்காரருக்குக் கழற்றிக் கொடுத்த சாமான் அது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, வாங்கியவருக்கும் தெரியாது. நானும் அவருக்குச் சொல்லவில்லை; சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் விளங்கவில்லை. விளிம்பு உருண்டு, மினுமினுவென்று, அந்தக் குடும்பத்திலேயே கிடந்திருந்தால் நல்லதோ என்று சில நாள் நினைப்பேன். அடுத்த நாள் வேலைக்குப் போய், தேய்த்துக் கெடுத்த ஒரு கேஸைக் கையில் எடுத்ததும் அந்த நினைப்பு போய்விடும்.

போன மாதம் ஒரு பெண் தகப்பனுடைய ஹொயர் ஔடாவியா மணிக்கூட்டைக் கொண்டுவந்து, மினுக்கித் தர முடியுமா என்று கேட்டார். யாருக்காக என்று முதலில் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது விலைதான்.