30 சென்ட் மல்லிக்கு வேண்டிய வேலை

மல்லிப் பூச்செடி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், விடியக்காலம் நாலரை மணிக்கு வயலில் நிற்க வீட்டில் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பேன். தண்ணீர், மண் எல்லாம் அதற்குப் பிறகு. தக்காளி ஒரு நாள் பொறுக்கும். மல்லி அரும்பு அன்றைக்குப் பொழுது சாய வெடித்துவிடும். மறுநாள் அதை எடைக்குக் கேட்க ஆள் கிடையாது. இரண்டு பேர் பறிக்கும் வீட்டுக்கு என் கணக்கில் 30 சென்ட் போதும். சித்திரை, வைகாசியில் அதுவே கைக்கு அடங்காமல் கூலி ஆள் தேட வைக்கும்.

நாலடிக்கு நாலடி விட்டால் 30 சென்டில் 800 செடி நிற்கும். நாற்று ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருந்து வருகிறது. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த மல்லிக் குச்சி வேர் பிடித்து நாற்றாவது கடலோர மணலில். குழி ஓரடி நீளம், அகலம், ஆழம். குழிக்கு 10 கிலோ மக்கின குப்பை என்றால் மொத்தம் 8 டன். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இது தேறாது. நடுவதற்கு முன்பே ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரியிடம் சொல்லி, ராத்திரி ஆடுகளை வயலில் அடைக்கும் ஆட்டுக்கிடை போட்டுவிட்டால் பாதிப் பாரம் குறையும். தண்ணீர் செம்மண்ணுக்கு வாரம் ஒரு தடவை. தேங்கினால் வேர் அழுகும், அவ்வளவுதான்.

மதுரையை அடுத்த வலையங்குளம் பக்கம் விடியலில் போனால் வயலெல்லாம் நெற்றி விளக்கு நகர்வது தெரியும். பறிக்க வேண்டிய அரும்பு எது என்று பழக ஒரு வாரமாவது ஆகும். நாளைக்கு உரியது லேசாகப் பச்சை ஓடி ஒல்லியாக இருக்கும். இன்றைக்கு உரியது முழு வெள்ளையாக உருண்டு திரண்டு, குழல் நீண்டு, அடியில் இருக்கும் பச்சைப் புல்லியை விட்டுத் தள்ளி நிற்கும். ஒரு கொத்தில் நடு அரும்புதான் முதலில் முற்றும். பக்கத்தில் இருப்பவை அடுத்தடுத்த நாளுக்கு. அதனால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. புல்லிக்குக் கீழே காம்பை இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு. இழுத்தால் நாளைய பூவும் சேர்ந்து மடிக்கு வந்துவிடும். பச்சை அரும்பு கலந்தால் எடை கூடும்தான், ஆனால் சரத்தில் அது வெடிக்காமலே வாடிப் போகும். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று வியாபாரிக்கு மறக்காது.

பறித்ததைத் துணிப்பையில் தளர்வாகப் போடுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் அமுக்கினால் உள்ளே சூடேறி, மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் அரும்பு பழுப்படித்துவிடும்.

வருஷத்தின் பெரிய வேலை கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது. புதுக் கொழுந்தில்தான் மொட்டு வரும், பழைய குச்சியில் வராது. கார்த்திகை முதல் வாரத்துக்கு முன்பே தண்ணீரை நிறுத்தி, நவம்பர் கடைசியில் தரையில் இருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாச் செடியையும் வெட்ட வேண்டும். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சியை அடியோடு எடுத்துவிடுங்கள். கத்தி மழுங்கினால் குச்சி பிளந்து, அந்தப் பிளவில் பூஞ்சணம் ஏறும். நன்றாக இருக்கிற செடியை எப்படி வெட்டுவது என்று மனசு வராமல் மேலாப்பில் நுனி மட்டும் கிள்ளி விடுவது பெரிய தப்பு. மாசிக்குப் பிறகு குச்சி நீளும், பூ இருக்காது. வெட்டினதும் செடிக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375, பொட்டாஷ் 100. தூரில் இருந்து ஓரடி தள்ளி வட்டமாகப் போட்டு மம்பட்டியால் மண்ணை மூடித் தண்ணீர் விட வேண்டும். இதே அளவு ஆனி, ஆடியில் இன்னொரு தடவை.

அரும்பு ஊதா நிறமாகி அடி வீங்கிக் கொட்டினால் அது மொட்டு ஈ. அதன் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆவதால், மேலே மருந்து அடிப்பது மட்டும் பத்தாது. கொட்டின அரும்பைப் பொறுக்கி எரித்து, தூர் மண்ணைக் கிளறிவிட வேண்டும். அரும்பில் ஓட்டையும் எச்சமும் இருந்தால் மொட்டுப்புழு. இடித்த வேப்பம்பருப்பு 5 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 கிராம் சோப்புக் கரைத்து 100 லிட்டராக்கிச் சாயங்காலம் அடிக்கலாம். காலையில் அடித்தால் வெயிலில் வீரியம் போய்விடும். நரம்பு பச்சையாக நிற்க இலை மட்டும் மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறை. 10 லிட்டர் மருந்து டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் அடிக்கலாம்.

கோடையில் பூ குவியும்போது கிலோ சில நூறில் கிடக்கும், வாசனைத் திரவியம் எடுக்கும் ஆலைக்காரர்கள் அதற்கும் கீழே கேட்பார்கள். மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி, தை முகூர்த்தத்தில் 3,000 ரூபாயைத் தாண்டின நாட்களும் உண்டு. அந்த நாளில் கால் கிலோ பறித்தாலும் பறித்ததுதான். கோடை வருமானத்தை வைத்துக் கடன் கணக்குப் போடாதீர்கள்.

சாயங்காலம் வரப்பைச் சுற்றி வந்து பத்துச் செடியில் நாளைக்கு முற்றும் அரும்பை எண்ணி 80ஆல் பெருக்கினால், எத்தனை ஆளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். காலையில் இலைக்குள் மறைந்து கைக்குத் தப்பியவை அப்போதுதான் ஒவ்வொன்றாக வெடிக்கும். எடைக்கு ஆகாத அந்த ஒரு பிடிப் பூ வீட்டில் இருக்கிறவர்கள் தலைக்கு.