நடப்பதும் நிற்பதும்

உயர்தர வகுப்பில் படித்த நாட்களில் எனக்கு ஆபிரகாம் கோவூர் என்றால் உயிர். கேரளத்தில் பிறந்து, 1928 இல் இலங்கைக்கு வந்து, தாவரவியல் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு பேய், சோதிடம், சாமியார் என்று எதையும் விடாமல் சோதித்தார். மோசடிக்கு இடமில்லாத முறையில் தெய்வீக சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963 இல் அறிவித்தார். 1978 இல் கண்மூடும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அவருடைய சவால்களில் ஒன்று, எரியும் தணலில் அரை நிமிடம் அசையாமல் நிற்பது.

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் இது லேசான பேச்சு இல்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசம், அருச்சுனன் தவநிலை என்று நடக்கும் திருவிழா 18ஆம் நாள் தீமிதிப்பில் வந்து முடியும். வகுப்பில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவன் இரண்டு முறை தீ மிதித்தவன்.

எங்கள் பௌதிக சேர் ஒருநாள் கேட்டார்: "கோவூர் ஏன் நடக்கச் சொல்லாமல் நிற்கச் சொன்னார்?" அம்மா அடுப்பிலிருந்து விழுந்த தணலை விரலால் எடுத்துத் திரும்ப உள்ளே போடுவார், அதே அடுப்பில் கிடந்த இரும்புக் குறட்டைத் தொடமாட்டார், அதை யோசியுங்கள் என்றார். கரியின் கடத்தாறு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் திறன், குறைவு. மேலே சாம்பலும் படிந்திருக்கும். ஒவ்வொரு அடியும் ஒரு செக்கனுக்குள் எடுபட்டுவிடும். நின்றால் கால் வெந்துபோகும்.

அன்று எனக்குக் கண் திறந்ததுபோல இருந்தது. அடுத்த கிழமை மாணவர் மன்றத்தில் இதையெல்லாம் பேசிக் கைதட்டு வாங்கினேன். அப்புறம் தீ மிதித்த அந்த நண்பன் எழுந்தான். "சுடாது எண்டு நான் எப்ப மச்சான் சொன்னனான்? போன முறை எனக்குக் கொப்புளம் வந்தது. அம்மாட காய்ச்சல் மாறினதுக்கு நேந்தன், இறங்கினன்" என்றான். நான் பதினைந்து நிமிடம் மறுத்த கருத்து அவனுடையதே இல்லை. அதை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அந்த மேடை நினைவுக்கு வந்தால் மனம் வருந்துகிறது.

அந்த முறை தீக்குழி ஓரம்வரை அவனோடு போனேன். முகத்தில் அடித்த வெக்கையில் இரண்டு அடி பின்னால் வந்தேன். கடத்தாறு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படியேதான் இருந்தது, கால் மட்டும் எழும்பவில்லை. அவன் மஞ்சள் பூசிய உடம்போடு என்னைத் தாண்டிப் போனான்.

லண்டன் வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே கார்சோல்டனிலும் 1935 இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமானுஷ்ய விடயங்களை ஆராய்ந்த ஹரி பிரைஸ் ஏற்பாடு செய்ய, மருத்துவர்கள் பார்த்திருக்க, குடா பக்ஸ் என்ற காஷ்மீரியர் தணலில் நடந்தார். மேற்பரப்பு 430 பாகை செல்சியஸ். காலில் காயமே இல்லை. எங்கள் சேர் சொன்ன காரணத்தைத்தான் அவர்களும் எழுதினார்கள். உடனே நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கடத்தாறு சரி மச்சான். அப்ப ஏன் சிலருக்கு மட்டும் கொப்புளம்?" என்றான். விரதம் பிழைத்தவர்களுக்குத்தான் வரும் என்பது அவன் நம்பிக்கை. விரலிடையில் தணல் சிக்கியிருக்கும், அல்லது நடுவில் தயங்கி நின்றிருப்பார்கள் என்பது என் பக்கம். கொப்புளம் வந்த பிறகு விசாரித்தால் யாருக்கும் ஏதோ ஒரு குறை நினைவுக்கு வரும், ஆகவே இறங்குமுன் ஒவ்வொருவரிடமும் விரதத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வை, பிறகு கால்களைப் பார், கணக்குத் தெரிந்துவிடும் என்றேன். வருடாவருடம் இதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

இந்த முறை கொஞ்ச நேரம் யோசித்தான். "கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனா குழிக்கு முன்னால நிக்கிறவனிட்ட அதைக் கேக்கேலாது மனே. கேட்டா அவன் தயங்குவான். தயங்கினா காலு வெந்திரும் எண்டு சொன்னது நீதானே?"