136 எடுத்தும் தோற்ற பேசஸ் தேர்வு

2022 இல் எம்.ஆர்.சி.பி. என்னும் பிரிட்டிஷ் மருத்துவ மேற்படிப்புத் தகுதியின் கடைசிக் கட்டமான, நோயாளிகளை நேரில் பார்த்துக் காட்ட வேண்டிய பேசஸ் தேர்வில் 172 க்கு 136 மதிப்பெண் எடுத்துத் தோற்றேன். தேறுவதற்கு வேண்டியது 130. ஆறு மதிப்பெண் கூடுதலாக இருந்தும் தோற்றதற்குக் காரணம், அந்தத் தேர்வு ஏழு திறன்களைத் தனித்தனியே அளக்கிறது, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச அளவைத் தாண்டியாக வேண்டும் என்பதே. நோயாளியின் கவலையைக் கண்டறிந்து அதற்கு முகம் கொடுக்கும் திறனுக்கு 16 இல் 10 வேண்டும். எனக்கு வந்தது 9. மலேசியாவில் சுங்கை சிப்புட் என்னும் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அந்த ஊர் மக்களையே அவர்கள் மொழியில் பேசிப் பார்த்துவரும் எனக்கு, வேறு எதில் குறைந்தாலும் இதில் குறையும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் 2017 இல் ஒப்பந்த அடிப்படையில் அரசுப் பணியில் சேர்ந்தவன். அந்த முறை அதற்கு முந்தைய டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. புது டாக்டர்களுக்கான ஹவுஸ்மன் பயிற்சி இரண்டு ஆண்டு, ஆறு பிரிவுகள், பிரிவுக்கு நான்கு மாதம். அதை முடித்து மருத்துவ அதிகாரியானபோது, ஒப்பந்தக்காரர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய படிப்பு விடுப்பு கிடையாது என்பதால், பல்கலைக்கழக முதுகலை வழி எங்களில் பலருக்கு எட்டாததாகவே இருந்தது. வேலையை விடாமல் எழுதக்கூடியது எம்.ஆர்.சி.பி.தான். அதன் எழுத்துத் தேர்வுகள் இரண்டையும் புத்தகத்தோடு மல்லுக்கட்டியே கடந்துவிட்டேன். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரவு முழுதும் ஆன்கால் பார்த்துவிட்டு, மறுநாள் வார்டு ரவுண்டையும் முடித்து, மதியத்துக்கு மேல் படிக்க உட்காரும் ஒருவருடைய மூளையில் என்ன நிற்கும், என்ன நிற்காது என்பதை இதைக் கடந்தவர்கள் அறிவார்கள்.

பேசஸ் வேறு வகை. நான் எழுதிய காலத்தில் ஐந்து நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 20 நிமிடம், நிலையத்துக்கு இரண்டு தேர்வாளர்கள். அங்கே பார்த்த நோயாளிகளைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்பதால், என் தவற்றை மட்டும் சொல்கிறேன். நோயாளியின் எண்ணம், கவலை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். நானும் தவறாமல் கேட்டேன். நோய் வரலாற்றை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, கடைசி நிமிடத்தில், "வேறு ஏதாவது கவலை இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர்கள் எதையோ சொல்லத் தொடங்கியபோது மணி அடித்துவிட்டது. ஒரு சந்திப்பில் அல்ல, இரண்டில் இப்படி நடந்தது.

தோற்றபின் சில வாரம் மனம் ஆறவில்லை. அந்த நாட்களில்தான் எங்கள் வார்டில் ஒரு பாட்டி சேர்ந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முப்பது ஆண்டுக்கு மேல் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர், நெடுநாளைய இனிப்புநீர் (சர்க்கரை நோய்), இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன. டயாலிசிஸ் வேண்டாம் என்று மூன்று முறை மறுத்திருந்தார். நோட்டில் மூன்று டாக்டர்களின் கையெழுத்தில் "விளக்கப்பட்டது, மறுத்துவிட்டார்" என்றிருந்தது. அதில் ஒரு கையெழுத்து என்னுடையது. கிரியாட்டினின், பொட்டாசியம், நுரையீரலில் நீர் கோப்பது என எல்லாவற்றையும் நல்ல தமிழில்தான் விளக்கியிருந்தேன். "உங்களுக்கு என்ன கவலை பாட்டி?" என்றும் கேட்டிருந்தேன். "கவலை ஒண்ணும் இல்ல தம்பி, ஏ.ஓ.ஆர். எழுதிக் குடுங்க, வீட்டுக்குப் போறேன்" என்றார். டாக்டர் சொல்லை மீறிச் சொந்தப் பொறுப்பில் வீடு திரும்புவதைத்தான் ஏ.ஓ.ஆர். என்பார்கள்.

அன்று மாலை ரத்தம் எடுக்க ஊசியோடு போனபோது, நரம்பு கிடைக்காமல் அவர் கையைத் தடவிக்கொண்டிருந்த நேரத்தில், பேச்சுக்காகக் கேட்டேன்: "வீட்ல யாரு பாட்டி இருக்கா?" பேரன் மட்டும் இருக்கிறான் என்றார். மகன் ஜொகூரில். பேரன் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) காட்டில் குலை வெட்டுகிறான், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்கள் கூடிப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகிறான். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டுமென்றால் அவன்தான் மோட்டாரில் கூட்டிப் போக வேண்டும். அவன் வேலைக்கு மட்டம் போட்டால் தோட்டத்து வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் பேர் நிற்காது. செக்ரோலில் யார் பேரும் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். "நான் இன்னும் எத்தன நாளு இருக்கப் போறேன் தம்பி, அவனுக்கு வீடு போயிடக் கூடாதில்ல" என்றார். சாவுக்கு அஞ்சாத பிடிவாதக்காரி என்று நாங்கள் நினைத்திருந்தவர், மூன்று நாளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறார்.

கேட்ட கேள்வி ஒன்றுதான், கேட்ட விதம்தான் வேறு என்று இதைச் சொல்லிவிட முடியாது. கேள்வியே வேறு. நம்மவர்களிடம், அதிலும் தோட்டத்து முதியவர்களிடம், டாக்டர் "கவலை இருக்கிறதா" என்று கேட்டால், அது மரியாதைக்கு "இல்லை" என்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. "யாரு கூட்டிட்டு வந்தா?", "வீட்ல சமையல் யாரு?", "நாளைக்கு வேலைக்குப் போகணுமா?" என்பவைதான் கவலையைத் தொடும் கேள்விகள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு நோயாளியிடமும் விசாரணையின் முதல் இரண்டு நிமிடத்துக்குள் இவற்றில் ஒன்றைக் கேட்பது என்று முடிவு செய்தேன். தமிழில் கேட்டேன், மலாயில் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவில் கூடிப் பயிற்சி செய்யும் நண்பர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டுப் பழகினேன். நோயாளி பதில் சொன்ன பிறகு நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்பதுதான் பழகுவதற்கு மிகக் கடினமாக இருந்தது. ஒரு நண்பர் கடிகாரத்தைப் பார்த்து, நான் எத்தனையாவது விநாடியில் குறுக்கே பேசுகிறேன் என்று குறித்துத் தருவார்.

பாட்டிக்கு மெஷின் அல்லாத வழியைப் பற்றி யாரும் முறையாகச் சொல்லியிருக்கவில்லை. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை இரண்டு லிட்டர் திரவத்தை விட்டு வடிக்கும் சி.ஏ.பி.டி. முறையில், ஒவ்வொரு முறைக்கும் அரை மணி போல ஆகும். பேரன் வேலைக்குப் போகலாம். மருத்துவ சமூகநல அதிகாரியிடம் பேசி, ஈப்போவில் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பினோம். கைகழுவப் பழகவும் பையை மாட்டப் பழகவும் பாட்டிக்குப் பல நாள் பிடித்தது. பேரன் படுக்கையறையில் ஒரு மூலையைச் சுத்தம் செய்து பலகை அடித்துக் கொடுத்தான்.

2023 இல் மறுபடி எழுதினேன். மொத்த மதிப்பெண் முன்னதைவிட இரண்டுதான் கூடியிருந்தது. அந்தத் திறனில் 16 க்கு 14 வந்திருந்தது.

வடிந்த திரவம் கலங்கியிருந்தால் வயிற்றில் கிருமி என்று பொருள். தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, பையைக் காகிதத்தின் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். சென்ற மாதம் கிளினிக்குக்கு வந்த பாட்டியிடம் அதைத்தான் முதலில் விசாரித்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். "தெனமும் பேப்பர் மேல வெச்சுப் பாக்குறேன் தம்பி, பொடி எழுத்துகூட தெரியுது" என்றார்.